மைக்கை எடுத்துட்டு வாசிச்ச தோடி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் ஆடுதுறை பக்கம் ஒரு கிராமத்துக்காரன், ஆடுதுறை கடைத்தெருவுல உரக்கடை வச்சிருக்கேன், காலைல உங்க பேப்பர் கடை வாசல்ல வந்து விழுந்தாதான் எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கும், இருபது வருஷத்துக்கு மேல படிக்கிறேன், ஆனா ஆசிரியருக்குக் கடிதம்னு எழுதறது இதான் முதல் தடவை. வாய்க்கால் தூர் வாரல, யூரியா வரல, கொள்முதல் நிலையத்துல நெல்லு நனையுதுன்னு எழுதறதுக்கு எங்க பக்கம் எப்பவும் விஷயம் இருக்கு, அதையெல்லாம் எழுதறவங்க எழுதட்டும், நான் எழுதறது ஒரு சந்தோஷத்த. ஒரு வாரமா நெஞ்சுலயே நிக்குது, யார்ட்டயாவது சொல்லணும், கடைக்கு வர்றவங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், இனிமே உங்ககிட்டதான் சொல்லணும்.

போன வியாழக்கிழமை எங்க ஊர் சிவன் கோயில்ல மண்டலாபிஷேகம் பூர்த்தி. தை மாசம் கும்பாபிஷேகம், 48 நாள் முடிஞ்சு அன்னிக்கு நிறைவு. சின்னக் கோயில்தாங்க, ராஜகோபுரமெல்லாம் கிடையாது, நந்தி மண்டபத்துல நெருக்கி உக்காந்தா நாப்பது பேர் உக்காரலாம். நிறைவு அன்னிக்கு என்ன வைக்கலாம்னு பேச்சு வந்தப்ப பசங்க ஆர்கெஸ்ட்ரா வைக்கலாம்னாங்க, விசாரிச்சா கேட்ட தொகைக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகல, கும்பாபிஷேகத்துலயே கையிருப்பு கரைஞ்சுபோச்சு. அப்பதான் ஊர்ப் பெரியவர் ஒருத்தர், ஏண்டா பக்கத்து ஊர்லயே அவ்வளவு பெரிய நாயன வித்வான் இருக்கார், அவரப் போய்க் கேட்டீங்களாடான்னு கேட்டார். (நாதஸ்வரத்த எங்க பக்கம் நாயனம்னுதான் சொல்லுவோம்.) எங்க யாருக்குமே அது தோணவே இல்லங்க. அத நெனச்சா இன்னும் கஷ்டமா இருக்கு.

ஐயாவோட பேர நான் எழுதல. பேப்பருக்கு எழுதப்போறேன்னு சொன்னதும், என் பேரப் போடாதீங்க தம்பி, தவிலும் ஒத்தும் தாளமும் இல்லாம நான் மட்டும் என்னத்த வாசிச்சேன்னு சொல்லிட்டார். அதனால ஐயான்னே எழுதறேன். வயசு 83. ஒரு காலத்துல கார்த்திகைலேருந்து வைகாசி வரைக்கும் வீட்டுல படுத்துத் தூங்கின நாளே கிடையாதாம், மாயவரத்துலேருந்து திருச்சி வரைக்கும் கோயில் உற்சவம், கல்யாணம், ரேடியோக் கச்சேரின்னு ஓட்டம். முழங்கால் போனதுலேருந்து குறைஞ்சு, கொரோனாவுக்கு அப்புறம் வெளில வாசிக்கிறதையே விட்டுட்டார். நாங்க மூணு பேர் போனப்ப திண்ணைல உக்காந்து பேரனுக்கு தாளம் போட்டு பாடம் சொல்லிக்கிட்டு இருந்தார். விஷயத்தச் சொன்னோம். சாமி புறப்பாட்டோட நடக்க முழங்கால் விடாது, உக்காந்து ஒரு மணி நேரம் வாசிக்கிறேன், அதுக்கு மேல மூச்சு இருக்கான்னு அப்ப பாத்துக்கலாம்னார். சம்பாவணை எவ்வளவுங்கய்யான்னு கேட்டதுக்கு, தவில்காரருக்கும் பசங்களுக்கும் குறை வைக்காதீங்க, எனக்கு ஒரு வேட்டி துண்டு போதும்னார். நாங்க அப்படி விடல, எங்களால முடிஞ்சத நிறைவாவே செஞ்சோம்.

அன்னிக்கு சாயங்காலம் அவர் வர்றதுக்கு முன்னாடியே எங்க ஊர் மைக்செட் தம்பி நாலு மைக்கு, ரெண்டு பெரிய பாக்ஸ், வாசல் வேப்பமரத்துல கூம்பு ஸ்பீக்கர் எல்லாம் கட்டி ஜெனரேட்டரையும் ஓடவிட்டு வச்சிருந்தான், அவனும் ஆசையாத்தான் செஞ்சான். ஐயா ஆட்டோலேருந்து இறங்கி, பேரன் தோளப் புடிச்சுக்கிட்டு மண்டபத்துல ஏறி, ஜமுக்காளத்துல உக்காந்தார். மேல பாத்தார். சுத்திப் பாத்தார். ஒரு தடவ கையத் தட்டினார். கல்லு அந்தச் சத்தத்த வாங்கித் திருப்பிக் கொடுத்துச்சு. உடனே மைக்செட் தம்பியக் கூப்பிட்டு, தம்பி இதெல்லாம் எடுத்துடுப்பா, கல்லு மண்டபமே போதும், அந்த ஜெனரேட்டரையும் நிறுத்திடு, இந்த ஃபேனும் வேணாம்னார். பையனுக்கு மொகம் சுருங்கிப் போச்சு. அத அவர் பாத்துட்டார். நீ எங்கயும் போயிடாத, இங்க வந்து எனக்கு எதுத்தாப்புல உக்காருன்னு சொல்லி உக்கார வச்சுக்கிட்டார். கச்சேரி முடியற வரைக்கும் அந்தப் பையன் அந்த இடத்த விட்டு நகரலங்க.

நான் ரெண்டாவது வரிசை. ஐயாவுக்கும் எனக்கும் ஆறடி இருக்கும். அம்பத்தெட்டு வயசுல எத்தனையோ நாயனம் கேட்டிருக்கேன், பொறந்து வளந்ததே இந்த மண்ணுலதானே, ஆனா எல்லாமே தூரத்துல, இல்ல கூட்டத்துல, இல்ல பந்தியில. ஆறடில உக்காந்து கேட்டது இல்ல. கிட்டக்கேருந்து பாத்தாதான் அது எவ்வளவு நுணுக்கமான வாத்தியம்னு தெரியுது. நாயனத்துலேருந்து ஒரு நூல்ல கொத்தா சீவாளி தொங்குது, அதான் வாயில வச்சு வாசிக்கிற சின்ன நாணல் துண்டு, கூடவே சீவாளி வாயத் திருத்துற ஒரு ஊசி. ஒரு சீவாளிய எடுத்து வாயில வச்சு எச்சில்ல ஊற வச்சு தனியா ஊதிப் பாத்தார், தலைய ஆட்டிட்டு வச்சுட்டார். இன்னொன்னு. அதையும் வச்சுட்டார். மூணாவது, கொஞ்சம் பழுப்பேறிப் போனது, அது அவருக்குப் புடிச்சுது. ஊசிய உள்ள விட்டு வாயை லேசா அகட்டி, நாயனத்து மேல் முனைல இருக்கற கெண்டைல சொருகி, ஒரே ஒரு சுரம். பேரன் ஒத்துல சுருதி புடிச்சுக்கிட்டு இருக்கான், பதினாலு வயசுப் பையன், கன்னம் ரெண்டும் உப்பிப் போய் மூக்கால மூச்ச இழுத்துக்கிட்டே விடாம ஊதுறான், இப்பல்லாம் சுருதிப் பெட்டிதானே எங்க பாத்தாலும், நிஜ ஒத்த நான் பாத்தே ரொம்ப வருஷமாச்சு. ஐயா காது கொடுத்துக் கேட்டுட்டு, நாயனத்தைத் திருப்பி, கீழ்ப்பக்கம் இருக்கற ஓட்டைல ஒண்ணுல நகத்தால துளி மெழுக வச்சு அமுக்கினார். விரல் வைக்கிற ஓட்டை ஏழுதான், அதுக்குக் கீழ, அடில விரிஞ்சிருக்கற அணசு பக்கமா இன்னும் அஞ்சு ஓட்டை இருக்கு, அதுக்கு பிரம்மசுரம்னு பேரு, அதுல மெழுக வச்சுதான் சுருதிய சரி பண்றாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கடுகளவு மெழுகுங்க. அத வச்சு அமுக்கிட்டு மறுபடி வாசிச்சார், ஒத்தோட அப்படியே ஒட்டிக்கிச்சு.

முறைப்படி கம்பீரநாட்டை ராகத்துல, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி சின்னதா ஒண்ணு, அப்பறம் ஹம்சத்வனில ஒரு கீர்த்தனை, அது ரெண்டும் நல்லா இருந்துச்சு, மூச்சு சூடேத்திக்கிற மாதிரி. அதுக்கப்பறம் கண்ண மூடிட்டார்.

தோடி ராகத்த எப்ப ஆரம்பிச்சார்னே எனக்குத் தெரியலங்க. மறுபடி சீவாளி சரிபாக்கறார்னு நெனச்சேன், அவ்வளவு மெதுவா. நாயனம்னா ஊருக்கே கேக்கணும், நாலு வீதியும் நிறையணும், அப்படித்தானே நாம நெனச்சிக்கிட்டு இருக்கோம், மரத்தடில புல்லாங்குழல் வாசிக்கிற மாதிரி ஒரு ஆள் நாயனத்த வாசிக்க முடியும்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பிடிக்கும் முன்னாடி அவர் மூச்சு இழுக்கறது கேட்டுச்சு. மூச்சுச் சத்தம் முதல்ல, அதுக்குப் பின்னால சுரம். காந்தாரத்தப் புடிச்சு ஆட்டுறார், அது ஒரு சுரமா ரெண்டு சுரமான்னு சொல்ல முடியல, கீழேருந்து வந்து தொட்டுட்டு மேலேருந்து ஒரு தடவ வந்து தொட்டுட்டு, நின்னு, மறுபடி. விரலப் பாத்துக்கிட்டே இருந்தேன். நுனியால மூடலங்க, விரலோட சதைப்பிடிப்பான இடத்தால மூடுறார், கணு எல்லாம் முடிச்சு முடிச்சா வீங்கியிருக்கு, அந்த விரல் அரை ஓட்டை மூடுது, கால் ஓட்டை மூடுது, நகத்தளவு தொறக்குது, அதுக்கு ஏத்த மாதிரி உதடு இறுகுது, தளருது. பாதி வேலை விரல்ல, பாதி வேலை மூச்சுல. பல்லு நாலஞ்சு போயிடுச்சு அவருக்கு, அத எப்படி உதட்டாலயே சமாளிக்கிறார்னு தெரியல.

கொஞ்ச நேரம் கழிச்சு ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும், அதான் ச, ப ரெண்டு சுரத்தையும், தொடாம விட்டுட்டு வாசிக்க ஆரம்பிச்சார். எனக்கு சங்கீத ஞானமெல்லாம் கிடையாது, பக்கத்துல உக்காந்திருந்த எங்க ஊர் ஓதுவார்தான் காதுல சொன்னார். சொன்னதுக்கு அப்பறம் எனக்கும் புரிஞ்சுது. காலு ஊனாம ஒருத்தர் நடந்துபோற மாதிரி இருந்துச்சு, எங்கயும் நிக்கல, ஆனா விழவும் இல்ல. பத்து நிமிஷம் அப்படிப் போயிட்டு கடைசில ஷட்ஜத்துல வந்து நின்னார் பாருங்க, மண்டபத்துல அத்தன பேரும் ஒரே நேரத்துல மூச்சு விட்டோம். எனக்கு முன்னாடி உக்காந்திருந்தவர் நாத்து நடவுக்கு ஆள் விடற மேஸ்திரி, அவர் தலைத்துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சுக்கிட்டார், வேர்வைய மட்டும் தொடச்ச மாதிரி தெரியல.

ஒரு இடத்துல மேல ஏறுறப்ப சுரம் உடைஞ்சு போச்சு. மறைக்க விரும்பல, அதையும் எழுதறேன். மூச்சு பத்தல. நிறுத்தினார். பேரன் ஒத்த விடல, அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கு. ஐயா ஃபிளாஸ்க்லேருந்து வெந்நீர் ஊத்தி ரெண்டு வாய் குடிச்சார். யாரும் பேசல, செல்போன் அடிக்கல, வெளில உளுந்து வயலுப் பக்கமா தவளை ஒண்ணு கத்திச்சு, அது கூடக் கேட்டுச்சு. அதே இடத்துலேருந்து, உடைஞ்ச அதே சுரத்துலேருந்து மறுபடி புடிச்சு, இந்தத் தடவ மேல போய் நின்னு நிதானமா ஒரு சுத்து சுத்திட்டு இறங்கினார். எங்க பெரியவர் சபாஷ்னு சத்தமா சொன்னார். ஐயா கண்ணத் தொறந்து அவரப் பாத்துச் சிரிச்சார், வாசிக்கிறப்பவே, உதட்டுல சீவாளி இருக்கறப்பவே கண்ணால சிரிச்சார். பெரிய மேடைல வாசிக்கிற வித்வானோட கண்ண நாம எங்க பாக்கறோம்.

மொத்தம் நாப்பது நிமிஷம் தோடி. ஒரு மணி நேரம்தான்னு சொன்னவர் ரெண்டே கால் மணி நேரம் வாசிச்சார்.

தோடின்னதும் எங்க பக்கத்து ஆளுங்களுக்கு யார் ஞாபகம் வரும்னு உங்களுக்கே தெரியும். திருவாவடுதுறை எங்க ஊர்லேருந்து சைக்கிள் தூரம். தோடிக்கே பேர் போன நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளை இருந்த ஊரு, 1898ல பொறந்து 1956 டிசம்பர்ல போனவர், நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார், ஆனாலும் எங்கப்பா அவர நேத்து பாத்த மாதிரியே பேசுவார். வித்வான்கள் சட்ட போடாம, இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு, நின்னுக்கிட்டேதான் வாசிக்கணும்ங்கற காலத்துல, மேடைல சமமா உக்காந்துதான் வாசிப்பேன்னு நின்னவர் அவர். நரசிங்கம்பேட்டை அதுக்கு அடுத்தாப்புலயே, கும்பகோணத்துலேருந்து மாயவரம் போற ரயில்ல ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவுல வர்ற சின்ன ஸ்டேஷன், இறங்கறவங்க கூட கம்மி. அந்த ஊர்ல செய்யற நாயனத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க, உங்க பேப்பர்லயும் வந்துச்சு. அங்கதான் ரங்கநாதன் ஆச்சாரி 1955ல சுத்த மத்தியமம்ங்கற சுரம் சுத்தமாப் பேசுற மாதிரி நீளமான ஒரு பாரி நாயனம் செஞ்சு பிள்ளைவாள் கைல கொடுத்தார். அதுக்கு முன்னாடி இருந்த திமிரி உயரம் கம்மி, சுருதி ஜாஸ்தி, அதுல அந்த மத்தியமத்த உதட்டால இழுத்துப் புடிச்சுதான் கொண்டுவரணுமாம். தோடிக்கு உயிரே அந்த மத்தியமத்துலயும் காந்தாரத்துலயும் இருக்குங்கறப்ப அது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க. ஒரு ஆசாரி செஞ்ச வேலையால ஒரு ராகம் சுகமாச்சு. பிள்ளைவாள் அதுக்கு அடுத்த வருஷமே போயிட்டார்ங்கறதுதான் வருத்தம்.

ஐயா கைல இருந்ததும் நரசிங்கம்பேட்டை பாரிதான். நடுவுல ஓய்வு எடுத்தப்ப மெதுவா கேட்டேன், எத்தன வருஷமாங்கய்யா இதுன்னு. நாப்பது வருஷம் தம்பி, ஆனா மரத்துக்கு வயசு அதுக்கும் மேல, ஏதோ ஒரு வீட்டு உத்திரம்னு சொன்னார். பச்சை மரத்துல நாயனம் செய்ய முடியாதுங்க, வெடிச்சிடும். ஆச்சா மரம், அதுவும் வருஷக்கணக்கா காஞ்சு முறுகின மரம் வேணும், அதனால பழைய வீடு இடிக்கிற எடத்துலேருந்து உத்திரம், தூணுன்னு வாங்கிதான் ஆசாரிங்க கடைசல் புடிக்கிறாங்க. எனக்கு அத கேட்டதுலேருந்து ஒரே ஞாபகம். எங்க பெரியப்பா வீட்ட இடிச்சு கான்கிரீட் போட்டப்ப ஆச்சா உத்திரம் ஏழெட்டு இருந்துச்சு, கும்பகோணத்துலேருந்து ஒரு மர வியாபாரி வந்து லாரில ஏத்திக்கிட்டுப் போனார். எங்க பாட்டி அந்த உத்திரத்துலதான் தொட்டில் கட்டி எங்களையெல்லாம் தூங்க வச்சாங்க. அதுல ஒண்ணாவது நாயனமா ஆகியிருக்கணும்னு இப்ப ஆசப்படறேன்.

தவில் பத்தி எழுதாம விட்டா ஐயா கோச்சுக்குவார். தவில் வாசிச்சவருக்கும் எழுபது இருக்கும், ராகம் போற நேரம் பூரா கையக் கட்டிக்கிட்டு கண்ணு மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தார், அவரும் எங்களாட்டம் ஒரு ரசிகர் மாதிரி. ஆறடில தவில் அடிச்சா காது கிழிஞ்சுடும்னு நான் பயந்துக்கிட்டே இருந்தேன், ஆனா அவர் அந்த மண்டபத்த அளந்து வச்சுக்கிட்டு வாசிச்சார். வலது கை விரல்ல கூடு, இடது கைல பூவரசங்கழி, அந்தக் கழிய தவிலோட இடது பக்கத் தொப்பில தட்டாம ஒத்தி எடுத்த மாதிரி ஒரு நடை வாசிச்சார் பாருங்க, மழை விட்டப்பறம் ஓட்டுலேருந்து சொட்டுமே, அந்தச் சத்தம். அப்பறம் ஐயா நாயனத்துக்கே உரிய ரக்திங்கற உருப்படி ஒண்ணு எடுத்தார், செம்பனார்கோயில் பக்கத்து வித்வான்கள் அதுல பேர் போனவங்க, இப்பல்லாம் கேக்கவே கிடைக்கிறதில்ல, அதுல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே காலம் மாத்தி மாத்திப் போனாங்க. தனி முடிஞ்சு தீர்மானம் வச்சப்ப மைக்செட் தம்பி எந்திரிச்சு நின்னு கைதட்டினான்.

என் தங்கச்சி கல்யாணத்துக்கு இதே ஐயாதான் வாசிச்சார்ங்க. 35 வருஷம் முன்னாடி, எங்க வீட்டு வாசல்ல தென்னங்கீத்துப் பந்தல். எங்கப்பா அவருக்காகவே முகூர்த்த தேதிய தள்ளி வச்சார். அன்னிக்கு ராத்திரி மாப்பிள்ள அழைப்பு முடிஞ்சு ரெண்டு மணி நேரம் வாசிச்சாராம், ஊரே பந்தல்ல உக்காந்து கேட்டிச்சாம். நான் பந்திக்கு சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டு இருந்தேன், பொண்ணு வீட்டுக்காரன் நான் எங்க உக்கார்றது. காதுல விழுந்துச்சு, ஆனா கேக்கல. எங்கப்பா சாகறவரைக்கும் அந்தக் கல்யாணத்துக் காம்போதியப் பத்தி சொல்லிக்கிட்டே இருப்பார், எனக்கு அது என்னன்னே தெரியாம தலையாட்டுவேன். போன வியாழக்கிழமைதான் எங்கப்பா எதப் பத்தி பேசினார்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஐயாகிட்ட அதச் சொன்னேன். அவருக்கு அந்தக் கல்யாணம் ஞாபகம் இல்ல, ஆயிரம் கல்யாணம் வாசிச்சவர், ஆனா எங்கப்பா பேரச் சொன்னதும், உளுந்து வடை வாங்கிக் கொடுத்து ரயிலேத்தி விட்டாரே அவரான்னு கேட்டார்.

சின்ன வயசுல எங்கப்பா திருவிடைமருதூர் தைப்பூசத்துக்கு தோள்ல தூக்கிட்டுப் போவார். தேரடி முக்குல சாமிய நிறுத்திட்டு ஆலாபனை நடக்கும், ஜனங்க தெரு மண்ணுலயே துண்ட விரிச்சு உக்காந்துடுவாங்க. சாமி வீதி சுத்தி வர விடிஞ்சுடும். காலைல பூபாளம், பௌளி, அந்தி சாஞ்சா பூர்வி கல்யாணி, ராத்திரி தோடி, காம்போதி, சங்கராபரணம், பள்ளியறைக்கு நீலாம்பரின்னு நேரத்துக்கு ஒரு ராகம், கடிகாரம் பாக்கத் தெரியாதவங்க கூட நாயனத்த வச்சு நேரம் சொல்லிடுவாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க. இப்ப எங்க சுத்துவட்டாரத்துல நெறைய கோயில்ல தீபாராதனைக்கு சுவிட்ச் போட்டா ஓடுற மோட்டார் மேளம்தான். அது மணியடிக்கும், டமடமன்னு தட்டும், அதுக்கு ராத்திரியும் ஒண்ணுதான் காலைலயும் ஒண்ணுதான்.

அதோட இன்னொண்ணு. போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், எங்கன்னு வேணாம். மேளக்காரங்கள சாப்பாட்டு ஹாலுக்குப் போற வழில உக்கார வச்சிருந்தாங்க, இலை எடுக்கற வண்டி அவங்க முட்டியில இடிச்சுக்கிட்டுப் போகுது. மேடை மேல பெரிய பாக்ஸ்ல சினிமாப் பாட்டு. தாலி கட்டற நேரத்துக்கு ஒருத்தர் கைய ஆட்டறார், உடனே கெட்டிமேளம், முடிஞ்சதும் மறுபடி பாக்ஸ். வாசிச்ச பையனுக்கு இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசு இருக்கும், நல்ல கையி, ஹிந்தோளம் ஒண்ணு எடுத்தான், திரும்பிப் பாக்க ஒரு ஆள் இல்ல. அரசு இசைப் பள்ளில மூணு வருஷம் படிச்சுட்டு வந்தேன் சார்னு சொன்னான். அவன் சாப்பிட இலை போட மூணு மணி ஆச்சு. அவன நெனச்சா எனக்கு மனசே ஆறல. ஆந்திராவுல பொறந்த ஷேக் சின்ன மௌலானா சாகிப், இந்த வாத்தியத்துக்காக நாச்சியார்கோயிலுக்கு வந்து கத்துக்கிட்டு ஸ்ரீரங்கத்துலயே தங்கிட்டார், வெளியூர்க்காரங்க அப்படித் தேடி வந்த மண்ணு இது, நாம கூப்பிட்டு வச்சுக்கிட்டே கேக்க மாட்டேங்கறோம்.

நாயனம் ஊதறாங்கன்னு சொல்றதையாவது முதல்ல விட்டுடணும்ங்க. வீணைய வாசிக்கிறாங்க, வயலின வாசிக்கிறாங்க, நாயனம்னா மட்டும் ஊதறாங்களா. உங்க பேப்பர்லயே ஒண்ணு ரெண்டு தடவ அப்படி அச்சாகிப் பாத்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க, திருத்திக்கிட்டா நல்லாருக்கும்.

எனக்கு உங்ககிட்ட ஒரே ஒரு கோரிக்கைதான். மாவட்டப் பக்கத்துல கோயில் விழா அறிவிப்பு போடறீங்க, அதுல அன்னதானம் எத்தன மணிக்கு, யார் யார் கலந்துக்கறாங்கன்னு எல்லாம் வருது. நாயனம் யாரு, தவில் யாரு, எத்தன மணிக்கு உக்காந்து வாசிப்பாங்கன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க. ஒரு வரி போதும். மார்கழில மெட்ராஸ்ல நடக்கற சபாக் கச்சேரிக்கெல்லாம் தேதி நேரத்தோட வருதே, அதே மாதிரி இங்கயும் யாராவது நாலு பேர் சைக்கிள எடுத்துக்கிட்டு வருவாங்க. கோயில் பொறுப்புல இருக்கறவங்களுக்கும் சொல்லிக்கறேன், லட்சக்கணக்குல செலவு வேண்டாம், பெரிய மேடை வேண்டாம். உங்க ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ வயசான வித்வான் ஒருத்தர் கட்டாயம் இருப்பார், எங்கள மாதிரி மறந்துட்டு இருக்காம போய்க் கேளுங்க. ஒரு ஜமுக்காளம், ஃபிளாஸ்க்ல வெந்நீர், மைக் இல்லாத ஒரு கல்லு மண்டபம், கேக்கறதுக்கு முப்பது பேர், அப்பறம் வாசிச்சவங்க அத்தன பேருக்கும் கை நிறைய சம்பாவணை, வாசிச்ச உடனே சூடா சாப்பாடு. இவ்வளவுதாங்க ஏற்பாடு.

கடைசியா நீலாம்பரி வாசிச்சார். பள்ளியறைக்கு சாமிய ஏளப்பண்ணிக்கிட்டுப் போக குருக்கள் எந்திரிச்சார், ஐயாவால எந்திரிச்சு கூடப் போக முடியாது, உக்காந்த இடத்துலேருந்தே, சாமி நகர நகர சத்தத்தக் கொறச்சுக்கிட்டே வந்தார். அவர் நகரவே இல்ல, ஆனா நாயனம் சாமிக்குப் பின்னாலயே பிரகாரம் சுத்திப் போற மாதிரி எங்களுக்குக் கேட்டுச்சு. பள்ளியறைக் கதவு சாத்தற சத்தம் வந்தப்ப அவரோட சுரம் எங்க முடிஞ்சுது ஒத்து எங்க மிச்சமிருக்குன்னு பிரிச்சுச் சொல்ல முடியல. என் பேத்தி ஆறு வயசு, எம்மடிலயே தூங்கிப் போச்சு. அவள எழுப்பப் போனேன், வேணாம் தம்பி, அதுக்குத்தானே வாசிச்சேன்னார் ஐயா.

ஆட்டோல ஏத்தி வீடு வரைக்கும் நான்தான் கூடப் போனேன். நாயனத்தைத் துணி உறைல போட்டு மடில படுக்க வச்சுக்கிட்டார். ரொம்ப நேரம் பேசல. வீரசோழன் ஆத்துப் பாலம் தாண்டறப்ப, இன்னிக்கு அந்த மத்தியமம் சரியா நின்னுச்சுல்லன்னு கேட்டார். நின்னுச்சுங்கய்யான்னேன், எனக்கு என்ன தெரியும், ஆனா நின்னுச்சு. அடுத்த பிரதோஷத்துக்கும் கூப்பிடுங்க, கொஞ்சம் சாதகம் பண்ணிட்டு வர்றேன்னார். 83 வயசுல.

அதனால வர்ற பிரதோஷத்துக்கும் எங்க கோயில்ல ஐயா வாசிக்கறார். அபிஷேகம் முடிஞ்சு ஏழு மணி வாக்குல உக்காருவார். கோயில் எந்த ஊருன்னு ஆடுதுறை கடைத்தெருவுல உரக்கடைல கேட்டா நானே வழி சொல்றேன். ஆறரைக்கெல்லாம் வந்துட்டா முன்னாடி இடம் கிடைக்கும், பாய் நாங்க போட்டுடறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
ஆடுதுறை